பூனைக்கு வீடு தந்த வள்ளல்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். பூனைக்கு ஃப்ளாட் எடுத்துக் கொடுத்தார் சக் பிளேசர். முதல் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யவைத்தார்கள், மூன்றாவது ஆளை விட்டுவிட்டார்கள். பாடநூல் குழுவில் கால்பந்து தெரிந்தவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது.

நியூயார்க்கில் டிரம்ப் டவர். அதன் 17ஆவது மாடியில் கான்ககாஃப் அலுவலகம். வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் மூன்றின் கால்பந்தையும் கட்டி ஆளும் கூட்டமைப்பு அது. 49ஆவது மாடியில் அதன் பொதுச்செயலாளர் பிளேசரின் வீடு. மாத வாடகை 18,000 டாலர். அதை ஒட்டினாற்போல் இன்னொரு ஃப்ளாட், மாதம் 6,000 டாலர். அதில் பெரும்பாலும் அவருடைய பூனைகள்தான் குடியிருந்தன என்று நியூயார்க் டெய்லி நியூஸ் 2014இல் எழுதியது.

பாரிக்கும் இவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம். பாரி கொடுத்தது அவனுடைய சொந்தத் தேர்.

இந்தக் கொடைவள்ளல் பரம்பரை எப்படி உருவானது என்று தெரிய வேண்டுமானால் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். கான்ககாஃப் 1961இல் மெக்சிகோ நகரில் பிறந்தது. இன்றைக்கு 41 சங்கங்கள் அதன் உறுப்பினர்கள். அவற்றில் 35 சங்கங்களுக்கு ஃபிஃபாவில் வாக்கு உண்டு. முப்பது கோடிக்கு மேல் மக்கள் வாழும் அமெரிக்காவுக்கு ஒரு வாக்கு. சுமார் 5,000 பேர் வாழும் மான்செராட் தீவுக்கும் ஒரு வாக்கு. 1995இல் சீறத் தொடங்கிய எரிமலை தலைநகரையே சாம்பலுக்குள் புதைத்துவிட்டுப் போன தீவு அது. 2002 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்த அதே நாளில், உலகத் தரவரிசையின் கடைசி இரண்டு இடங்களில் இருந்த பூட்டானும் மான்செராட்டும் திம்புவில் மோதின. மான்செராட் 4-0 என்று தோற்றது. ஆனால் ஃபிஃபா மாநாட்டில் கை தூக்கும்போது மான்செராட்டும் பிரேசிலும் ஒன்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எரிமலைத் தீவுக்கும் வல்லரசுக்கும் ஒரே மரியாதை. இதை யோசித்தவர் நல்லவர். பயன்படுத்தியவர் கெட்டிக்காரர். 35 வாக்குகளில் 25 கரீபியச் சங்கங்களுடையவை. கரீபியனை வளைத்துப் போட்டால் கான்ககாஃப் உங்கள் சட்டைப்பையில். கான்ககாஃப் சட்டைப்பையில் இருந்தால் ஃபிஃபா தலைவரே உங்கள் வாசலுக்கு வந்து நலம் விசாரிப்பார். இந்தக் கணக்கை முதலில் போட்டவர் கணக்கு வாத்தியார் அல்ல, சரித்திர வாத்தியார். பெயர் ஜாக் வார்னர். ஊர் டிரினிடாட்.

வாத்தியாரின் திறமை முதலில் வெளிப்பட்டது 1989 நவம்பர் 19 அன்று. போர்ட் ஆஃப் ஸ்பெயின் தேசிய மைதானத்தில் அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டம். டிரா செய்தால் போதும், டிரினிடாட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போய்விடும். நாடே சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது. மைதானத்தில் இடம் இருந்தது ஏறக்குறைய 28,000 பேருக்கு. அச்சடித்து விற்ற டிக்கெட்டுகளோ 40,000க்கு மேல். நாட்டின் கால்பந்துச் சங்கச் செயலாளர் அப்போது வார்னர்தான். கையில் டிக்கெட்டுடன் ஆயிரக்கணக்கானோர் பூட்டிய கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். உள்ளே பால் கலிஜுரி தூரத்திலிருந்து அடித்த ஒரே பந்து வலைக்குள் போய் விழுந்தது. அமெரிக்கா 1, டிரினிடாட் 0. வெளியே நின்றவர்கள் கலவரம் செய்யவில்லை, உள்ளே அழுதவர்களும் எதையும் உடைக்கவில்லை. அந்தப் பொறுமைக்காக ஃபிஃபா அந்த ஆண்டின் நேர்மையான ஆட்டத்துக்கான விருதை டிரினிடாட் ரசிகர்களுக்கு வழங்கியது. ஏமாந்தவனுக்குப் பதக்கம். ஏமாற்று வேலை நடந்தபோது சாவியைக் கையில் வைத்திருந்தவருக்கு? அடுத்த ஆண்டே அவர் மூன்று பிரதேசங்களுக்கும் தலைவர்.

தலைவராக்கியவர் நம் பூனை வள்ளல்தான். நியூயார்க் புறநகர் ஒன்றில் தன் பிள்ளைகளின் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போய், அங்கிருந்து அமெரிக்கச் சங்கத்துக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டவர் பிளேசர். நீங்கள் நில்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வார்னரிடம் சொன்னார். 1990இல் ஒருவர் தலைவர், மற்றவர் பொதுச்செயலாளர். வாக்கு வார்னர் பொறுப்பு, வரவு பிளேசர் பொறுப்பு. 21 ஆண்டுகள் அந்தக் கூட்டு வியாபாரம் ஓடியது.

பிளேசருக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சம்பளம் வாங்கினால் வரம்பு வந்துவிடும் அல்லவா? தன் சொந்தக் கம்பெனியோடு கூட்டமைப்பை ஒப்பந்தம் போடவைத்தார். விளம்பர வருமானம், தொலைக்காட்சி உரிமை எதுவானாலும் பத்து சதவீதம் கமிஷன். அந்த ஒப்பந்தம் 1998இல் காலாவதியானது. கமிஷன் மட்டும் காலாவதியாகவில்லை. பத்தும் தவறாமல் வந்துகொண்டே இருந்தது. கமிஷன், கட்டணம், வாடகை என்று அவர் வாரிக்கொண்டது ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் என்று கான்ககாஃப் தானே அமைத்த நேர்மைக் குழு பிற்பாடு கண்டுபிடித்தது. ஓட்டிக்கொண்டு திரிய ஒரு ஹம்மர் காரும் கூட்டமைப்பின் செலவில் வாங்கப்பட்டது. வருமான வரி? 2005 முதல் 2010 வரை மனிதர் கணக்கே தாக்கல் செய்யவில்லை. எழுதுவதற்கு நேரம் இல்லாதவர் அல்ல. உலகத் தலைவர்களோடு எடுத்த படங்களைப் போட்டுத் தன் பயணங்களை வலைப்பூவில் எழுதித் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்.

டிரம்ப் டவர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கான்ககாஃப் அங்கிருந்து காலி செய்து மயாமிக்குப் போய்விட்டது. ஊழலின் வாசனை போக வேண்டுமே. 2025 ஜூலையில் அதே டிரம்ப் டவரில் ஓர் அலுவலகம் திறந்தது ஃபிஃபா. பேய் ஓட்டிய வீட்டுக்குப் பூசாரியே குடிவந்துவிட்டார்.

இவர்கள் காலத்தில் ஆட்டம் எப்படி நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1994 கரீபியக் கோப்பைத் தகுதிச் சுற்று, பார்படாஸும் கிரெனடாவும். கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை முடித்துவைக்கும் தங்க கோலை இரண்டாகக் கணக்கிட வேண்டும் என்று யாரோ ஒரு மேதை விதி எழுதியிருந்தார். பார்படாஸுக்கு இரண்டு கோல் வித்தியாசத்தில் வெற்றி தேவை. 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது கடைசி நிமிடங்களில் கிரெனடா ஒன்று போட்டது. பார்படாஸ் யோசித்தது. எஞ்சிய நிமிடங்களில் இன்னொரு கோல் போடுவதைவிட, தன் வலையிலேயே ஒன்றைப் போட்டு 2-2 ஆக்கிக் கூடுதல் நேரத்துக்குப் போவது சுலபம். போட்டது. உடனே கிரெனடாவுக்கும் மூளை வேலை செய்தது. இனி எந்தப் பக்க வலையில் பந்தைத் தள்ளினாலும் அவர்களுக்கு அடுத்த சுற்று நிச்சயம். ஆக, ஆட்டத்தின் மிச்ச நிமிடங்களில் பார்படாஸ் வீரர்கள் பாதிப் பேர் தங்கள் கோலையும் பாதிப் பேர் எதிரியின் கோலையும் காத்துக்கொண்டு நின்றார்கள். கூடுதல் நேரத்தில் பார்படாஸ் தங்க கோல் அடித்தது. அது இரண்டாகக் கணக்கிடப்பட, 4-2 என்று ஜெயித்தது.

உலகமே சிரித்தது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வீரர்கள் விதிப்படி ஆடினார்கள். எந்தப் பக்கம் பந்து போனாலும் லாபம் வருகிற மாதிரி விதி எழுதிக்கொள்வது மேலே உட்கார்ந்திருந்தவர்களின் நிர்வாகக் கலை. மைதானத்தில் அது ஒரே ஒரு நாள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எந்தப் பக்கமும் லாபம் என்பதற்கு மக்கோயா என்ற ஊரில் ஒரு கட்டிடமே சாட்சி. கரீபியப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் கட்ட வேண்டும் என்று வார்னர் ஃபிஃபாவிடம் கேட்டார். ஏறக்குறைய 2.6 கோடி டாலர் வந்தது. அப்போதைய ஃபிஃபா தலைவர் ஜோவோ ஹவலாஞ்சின் பெயரையே மையத்துக்குச் சூட்டினார். கொடுத்தவர் பெயரை வாசலில் எழுதுவது நம் ஊர்க் கல்யாண மண்டபத்து ட்யூப் லைட் வழக்கம்தான். எழுதாமல் விட்டது நிலத்தின் சொந்தக்காரர் பெயரை. மையம் நின்ற நிலம் வார்னர் குடும்பக் கம்பெனிகளின் பெயரில் இருந்தது. கூட்டமைப்பின் சொத்து என்று உறுப்பினர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த கட்டிடம், கூட்டமைப்பினுடையது அல்ல. 2013 ஏப்ரலில் பனாமா மாநாட்டில் பார்படாஸின் முன்னாள் தலைமை நீதிபதி டேவிட் சிம்மன்ஸ் தலைமையிலான நேர்மைக் குழு இந்த உண்மையைப் படித்தபோது அரங்கில் இருந்தவர்கள் அதிர்ச்சியடைந்தார்களாம். பல ஆண்டுகளாக அந்த மையத்தில் கூட்டம் போட்டு, சாப்பிட்டு, தங்கி வந்தவர்கள் ஒருவர்கூட ஒரு முறை பட்டாவைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அதிர்ச்சி.

2006இல் டிரினிடாட் ஒருவழியாக உலகக் கோப்பைக்குப் போனது. முந்தைய நவம்பரில் பஹ்ரைனில் டென்னிஸ் லாரன்ஸ் தலையால் முட்டிய ஒரே கோல்தான் வழி திறந்தது. டோர்ட்மண்டில் ஸ்வீடனை 0-0 என்று தடுத்து நிறுத்தினார்கள், அதிலும் பாதி நேரம் பத்தே பேரோடு. நாடு கூத்தாடியது. வீரர்களுக்குச் சங்கம் கொடுத்திருந்த வாக்கு வருமானத்தில் பாதி. முடிவில் ஒவ்வொருவருக்கும் நீட்டப்பட்டது 5,600 சொச்சம் டிரினிடாட் டாலர். அமெரிக்க டாலரில் ஆயிரம்கூட இல்லை. வந்ததே 1.8 கோடி டிரினிடாட் டாலர்தான், செலவு போக மிஞ்சியது இவ்வளவுதான் என்று கணக்குக் காட்டினார்கள். பிறகு அரசாங்கம் வெளியிட்ட கணக்கில் வரவு 17.3 கோடி. ஒரு புள்ளி இடம் மாறியிருக்கிறது, மனிதத் தவறு! கேள்வி கேட்ட வீரர்களைத் தேசிய அணியிலிருந்தே ஒதுக்கினார்கள். லண்டனில் நடுவர் மன்றம் வரை போய் 2008இல் வீரர்கள் ஜெயித்தார்கள், அதற்குப் பிறகும் பணத்துக்காக அலைந்தார்கள். இதற்கிடையில் அதே உலகக் கோப்பையின் டிக்கெட்டுகளை வார்னர் குடும்பத்தின் டிராவல்ஸ் கம்பெனி கள்ள விலையில் கைமாற்றி விட்டது வெளியே வந்தது. ஃபிஃபா அவருக்கு என்ன செய்தது? கண்டித்தது. வகுப்பில் பேசிய பையனை வாத்தியார் கண்டிப்பதுபோல.

2010 ஜனவரி 12. ஹைத்தியில் பூமி அதிர்ந்தது. லட்சக்கணக்கில் செத்தார்கள். கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலகமே இடிந்து உள்ளே இருந்தவர்கள் மேல் விழுந்தது. ஃபிஃபா 2.5 லட்சம் டாலரும் தென் கொரியச் சங்கம் 5 லட்சம் டாலரும் உதவி அனுப்பின. பணம் போனது வார்னர் ஆண்ட கணக்குக்கு. அங்கிருந்து ஹைத்திக்கு எவ்வளவு போனது, எங்கே திரும்பியது என்று ஃபிஃபா கேட்டது. பதில் வராததால் டிரினிடாட் சங்கத்துக்கான மானியத்தை நிறுத்தியது. அந்தப் பணத்தை அவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் என்று அமெரிக்க விசாரணை ஆவணங்கள் சொல்வதாக பிபிசி பின்னர் செய்தி வெளியிட்டது. இல்லவே இல்லை என்கிறார் வார்னர். எல்லாக் குற்றச்சாட்டுக்கும் அவர் பதில் அதுதான். இருக்கட்டும். இடிபாட்டுக்குள் பிணம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு வந்த காசு அவன் கைக்கு வந்ததா இல்லையா என்று ரசீது காட்டக்கூட வழியில்லாத ஒரு கணக்கை எந்தத் தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டு அங்கீகரித்தார்? அந்தக் கையெழுத்துப் போட்ட விரலுக்கு ஏதாவது ஒரு பெயர் வைக்க வேண்டும். எனக்குத் தோன்றும் பெயரை அச்சில் போட முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு கொடையையும் பார்த்துவிடலாம். 2010 உலகக் கோப்பை வாய்ப்பு தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்திருந்தது. கரீபியனில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கால்பந்தை வளர்க்க என்று சொல்லி ஒரு கோடி டாலர் ஃபிஃபா வழியாக 2008இல் கான்ககாஃப் கணக்குக்கு வந்தது. அந்தக் கணக்கும் வார்னர் கையில். அது 2004இல் அந்த வாய்ப்புக்காகப் போட்ட வாக்குக்கு விலை என்கிறது அமெரிக்கக் குற்றப்பத்திரிகை. பரம்பரையை நினைத்துக் கொடுத்த நன்கொடை என்கிறது தென்னாப்பிரிக்கா. அந்தப் பணத்தில் 16 லட்சம் டாலர் வார்னரின் கிரெடிட் கார்டு பாக்கிக்கும் கடன்களுக்கும் போனது என்றும், ஏறக்குறைய 49 லட்சம் டாலர் டிரினிடாடின் ஒரு சூப்பர் மார்க்கெட் வழியாகப் புகுந்து உள்ளூர்ப் பணமாக வெளியே வந்தது என்றும் பிபிசி பார்த்த ஆவணங்கள் சொல்லின. அடிமைக் கப்பலில் ஏற்றி வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லி வாங்கிய காசு, அரிசி பருப்போடு சேர்ந்து பில் போடப்பட்டிருக்கிறது.

இனி 2011 மே 10. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஹயாட் ஹோட்டல். ஆசியக் கூட்டமைப்பின் தலைவர், கத்தாரின் முகமது பின் ஹம்மாம், ஃபிஃபா தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார். கரீபியச் சங்கங்களைச் சந்தித்துப் பேச வந்திருக்கிறார். காலையில் பேச்சு. மதியம் ஒவ்வொருவராகக் கூட்ட அறைக்குப் போய்ப் பரிசைப் பெற்றுக்கொள்ளும்படி அறிவிப்பு. பஹாமாஸ் சங்கத்தின் துணைத்தலைவர் உள்ளே போகிறார். நாட்டின் பெயர் எழுதிய பழுப்புக் கவர் ஒன்றைத் தருகிறார்கள். ஸ்டேப்ளர் முள் அடித்திருக்கிறது. பிரிக்கிறார். நூறு டாலர் நோட்டுகளாக நான்கு கட்டுகள் மேஜையில் விழுகின்றன. 40,000 டாலர். தேர்தல் நேரத்துக் கவர் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டின் பெயர் எழுதி, ஆளுக்கொரு நேரம் ஒதுக்கி, வரிசையில் வரச்சொல்லிக் கொடுத்த ஒழுங்கை நாம்கூட இன்னும் எட்டவில்லை. அந்த மனிதர் நோட்டுக் கட்டுகளைப் படம் எடுத்துத் தன் தலைவருக்கு அனுப்பினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

விஷயம் கசிந்ததும் மறுநாள் காலை வார்னர் பிரதிநிதிகளைக் கூட்டி வைத்துத் திட்டினார். அதை யாரோ ரகசியமாகப் பதிவும் செய்துவிட்டார்கள். பக்திமான்கள் கோயிலைப் பார்க்கப் போகலாம், நம் சமாசாரம் நம்மோடு இருக்க வேண்டும் என்பது அவர் உபதேசத்தின் சாரம். அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகவில்லை.

இந்தக் கதையைப் பஹாமாஸ் தலைவர் யாரிடம் கொண்டுபோனார் தெரியுமா? பிளேசரிடம்! பத்து சதவீதப் பிளேசர் வெகுண்டெழுந்தார். லஞ்சமா, நம் கூட்டமைப்பிலா என்று வக்கீலை வைத்து விசாரித்து, அறிக்கை தயாரித்து, ஃபிஃபாவிடம் கொடுத்தார். பத்திரிகைகள் அவரை ஊழலை அம்பலப்படுத்திய வீரர் என்று எழுதின. அந்த வீரர் அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் தெருவில் தன் மின்சார ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது எஃப்பிஐயும் வரித்துறையும் வழி மறித்தன. கைவிலங்கா, ஒத்துழைப்பா? ஒத்துழைப்பையே தேர்ந்தெடுத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாவிக்கொத்துக்குள் ஒலிவாங்கியை ஒளித்து வைத்துக்கொண்டு பழைய நண்பர்களை அழைத்து நலம் விசாரித்தார். 2013இல் பத்துக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். 1998, 2010 உலகக் கோப்பைகளுக்கான லஞ்சமும் கான்ககாஃபின் கோல்டு கப் போட்டி உரிமைகளுக்கான லஞ்சமும் அதில் அடக்கம். 2017இல் தண்டனை அறிவிக்கும் முன்பே இறந்துபோனார்.

வார்னர் 2011 ஜூனில் எல்லாக் கால்பந்துப் பதவிகளையும் ராஜினாமா செய்தார். ராஜினாமா செய்ததால் அவர் மீதான ஒழுங்கு விசாரணைகள் அத்தனையும் மூடப்படுகின்றன, அவர் நிரபராதி என்ற அனுமானம் அப்படியே நீடிக்கிறது என்று அறிவித்த ஃபிஃபா, அவர் ஆற்றிய சேவைக்கு நன்றியும் சொன்னது. உலகில் வேறு எந்தக் கோர்ட்டிலும் இந்தச் சலுகை கிடையாது. வேலையை விட்டால் வழக்கும் விட்டுப்போகும்!

வெளியே போனவர் சும்மா இருக்கவில்லை. ஏற்கெனவே டிரினிடாடில் மந்திரி. 2012இல் அவருக்குக் கிடைத்த இலாகா தேசியப் பாதுகாப்பு. போலீஸ் அவர் கீழே. நேர்மைக் குழுவின் அறிக்கை வந்த 2013இல் மந்திரி பதவி போனது. எம்பி பதவியையும் துறந்து, சொந்தக் கட்சி தொடங்கி, அதே சகுவானாஸ் மேற்குத் தொகுதியில் மூன்றே மாதத்தில் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். மக்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லவே முடியாது. அறிக்கை எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது. படித்தார்கள். அப்புறம் ஓட்டுப் போட்டார்கள்.

அறிக்கைக்கு ஏற்பாடு செய்த பெருமை அடுத்த தலைவர் ஜெஃப்ரி வெப்பைச் சேரும். கேமன் தீவுகளின் வங்கி அதிகாரி. 2012இல் சீர்திருத்தவாதி என்ற பட்டத்தோடு பதவியேற்றார். நேர்மைக் குழுவை அமைத்தது அவர். வெளிப்படைத்தன்மை, பொறுப்புணர்வு என்று மேடைதோறும் பேசியது அவர். ஃபிஃபாவின் இனவெறி எதிர்ப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். 2015 மே 27 விடியலில் சூரிக் நகரின் பவுர் ஓ லாக் ஹோட்டலில் போலீஸ் கதவைத் தட்டியது. கைதானவர்களின் முகம் கேமராவில் படாமலிருக்க ஹோட்டல் ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கைதானவர்களில் வெப்பும் ஒருவர். ஜாமீனுக்கு ஒரு கோடி டாலர் பத்திரம். அடமானமாக அவர் கொடுத்த பட்டியலைப் பாருங்கள்: பத்து வீடுகள், ஒரு ஃபெராரி உட்பட மூன்று கார்கள், பதினொரு உயர் ரகக் கைக்கடிகாரங்கள், அவர் மனைவியின் வைர மோதிரம். சீர்திருத்தத்துக்குச் சரியான நேரம் பார்க்கப் பதினொரு கடிகாரம் தேவைப்பட்டிருக்கிறது. கரீபிய நாடுகளின் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களின் உரிமையை விற்றதில் அவருக்கு வந்த லஞ்சத்தில் ஒரு பகுதி ஜார்ஜியாவில் அவர் வீட்டு நீச்சல் குளத்துக்குப் போனது என்கிறது குற்றப்பத்திரிகை. 2015 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 67 லட்சம் டாலரைத் திருப்பித் தரச் சம்மதித்தார்.

அவர் நாற்காலியில் அமர்ந்தவர் ஹோண்டுராஸின் அல்ஃப்ரெடோ ஹாவிட். அந்த 2015 ஜூலையில் அட்லாண்டாவில் கோல்டு கப் அரையிறுதி. பனாமாவும் மெக்சிகோவும். 25ஆவது நிமிடத்திலேயே பனாமாவின் டெஹாடாவுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடியும் ரோமன் டோரஸ் தலையால் முட்டிப் பனாமா முன்னிலை. 89ஆவது நிமிடம் வரை இறுதிப் போட்டி அவர்கள் கையில். அப்போது கீழே விழுந்த டோரஸ் மேல் பந்து பட்டதற்கு நடுவர் பெனால்டி என்றார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. தள்ளுமுள்ளு, கேலரியிலிருந்து குப்பைகளின் மழை, களத்தை விட்டே வெளியேறலாமா என்று யோசித்த வீரர்கள். பெனால்டி கோலானது, கூடுதல் நேரத்தில் இன்னொரு பெனால்டியும் கோலானது. மெக்சிகோ 2-1. ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் பனாமா அணி ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தது. கான்ககாஃப் திருடர்கள் என்று அதில் எழுதியிருந்தது. நடுவரிடம் பிழை நடந்ததைக் கூட்டமைப்பும் பிறகு ஒப்புக்கொண்டது. மனிதத் தவறு என்றது. நடுவர் காசு வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒரு ஆதாரமும் இல்லை. ஆனால் தலைவர்கள் வரிசையாக ஜெயிலுக்குப் போகும் வீட்டில் வெறும் பிழையைக்கூட யாரும் பிழை என்று நம்பமாட்டார்கள். திருட்டின் உண்மையான விலை அதுதான். அந்த டிசம்பரில் ஹாவிட் கைதானார். ஊர் சூரிக். ஹோட்டல் பவுர் ஓ லாக். அதே ஹோட்டலில்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்த விசுவாசத்தையாவது பாராட்ட வேண்டும்.

வார்னரின் கடைசி நகைச்சுவைக் காட்சியும் அந்த ஆண்டுதான். தனக்கெதிரான வழக்கு அமெரிக்கச் சதி என்று நிரூபிக்க ஒரு வீடியோ வெளியிட்டார். கையில் ஆதாரமாக ஒரு செய்தியின் அச்சுப் பிரதி. அமெரிக்காவில் அதே கோடையில் அவசரமாக ஓர் உலகக் கோப்பை நடத்த ஃபிஃபா முடிவு செய்திருக்கிறது என்ற செய்தி அது. வெளியிட்டது தி ஆனியன், முழுக்க முழுக்கக் கிண்டல் பத்திரிகை. அங்கதம் எழுதுபவனுக்கு இதைவிட அவமானம் இல்லை. நாம் எழுதும் பொய்யை அவர்கள் உண்மை என்று நம்புகிறார்கள், அவர்கள் செய்யும் உண்மையை நம் வாசகர்கள் பொய் என்று நினைக்கிறார்கள்.

அவரை அமெரிக்காவுக்கு நாடுகடத்தும் வழக்கு பத்தாண்டுகள் இழுத்தது. 2022இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் மேல்முறையீட்டைத் தள்ளியது. 2025 செப்டம்பரில் டிரினிடாட் உயர் நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி வழக்கை நிரந்தரமாக நிறுத்தியது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததில்லை. குற்றமற்றவர் என்றும் தீர்ப்பளித்ததில்லை. குற்ற விசாரணையை எதிர்கொள்ளாமலே எண்பது வயதைக் கடந்துவிட்டார்.

இத்தனைக்கும் மேலே ஒரு கூத்து. பிடிபட்ட பணத்தை என்ன செய்வது என்று அமெரிக்க நீதித்துறை 2021இல் முடிவு செய்தது. 20 கோடி டாலருக்கு மேல், பாதிக்கப்பட்டவர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று. யார் பாதிக்கப்பட்டவர்கள்? ஃபிஃபா. கான்ககாஃப். தென் அமெரிக்கக் கூட்டமைப்பு. சட்டப்படி சரிதான், நிறுவனத்தின் காசை அதிகாரி திருடினால் நிறுவனம்தான் பாதிக்கப்பட்டது. ஆனால் 21 ஆண்டுகள் அந்த அதிகாரியைத் திரும்பத் திரும்பக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தது யார்? காலாவதியான ஒப்பந்தத்துக்குப் பத்து சதவீதம் எழுதிய கணக்குப் புத்தகத்தை ஆண்டுதோறும் ஏற்றுக்கொண்டது யார்? ஹயாட் அறையில் வரிசையில் நின்று கவரை வாங்கிப் பையில் போட்டவர்கள் எந்த ஊர்ச் சங்கங்கள்? வார்னரும் பிளேசரும் வெப்பும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. வாக்கை வாங்க ஆள் வந்தது, விற்க ஆள் இருந்ததால்தான். தலைவரை மாற்றினார்கள், அலுவலகத்தை மாற்றினார்கள், சின்னத்தைக்கூட மாற்றினார்கள். அறைக்குள் கை தூக்கும் அந்த 35 நாற்காலிகளுக்கு எதிரே ஒரு ரசிகனோ வீரனோ உட்கார்ந்து கணக்குக் கேட்கும் ஏற்பாட்டை மட்டும் இன்றுவரை யாரும் செய்யவில்லை.

2025 நவம்பரில் ஹைத்தி அணி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, 1974க்குப் பிறகு முதன்முறையாக. போர்ட்-ஓ-பிரின்ஸ் மைதானம் ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருந்ததால் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டத்தைக்கூடச் சொந்த மண்ணில் ஆட முடியவில்லை. குராசாவ் தீவுக்குப் போய் அதையே சொந்த மைதானம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடி ஜெயித்தார்கள். நிலநடுக்கத்தின்போது தங்கள் பெயரில் வந்த ஏழரை லட்சம் டாலருக்கு இன்னும் ஒழுங்கான கணக்கு கிடைக்காத நாட்டின் பிள்ளைகள் அவர்கள். பாதிக்கப்பட்டோர் பட்டியலில் கான்ககாஃபுக்கு முன்னால் அவர்கள் பெயரை எழுதத் தெரியாத எந்தச் சீர்திருத்தமும், வெப்பின் பன்னிரண்டாவது கைக்கடிகாரம்தான்.